‘அவுட்கம்’ என்றால் விளைவா?

வணக்கம் அண்ணாச்சி,

தன் உடல்நிலை எப்படி என்று நோயாளியே சொல்வதை ஆங்கிலத்தில் ‘பேஷண்ட் ரிப்போர்ட்டட் அவுட்கம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் தந்த ‘நோயாளி கூறும் விளைவு’ வார்டில் எடுபடவில்லை. என் மகள் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு. முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனவர்கள் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு சின்ன ஆய்வு செய்கிறாள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஓர் அம்மாவிடம் “விளைவு எப்படி?” என்றதும் அவர் பதறி, “என்னம்மா, என்ன ஆச்சு எனக்கு?” என்று கேட்டிருக்கிறார். பக்கவிளைவு, பின்விளைவு என்றே கேட்டுப் பழகிய காது!

அப்புறம் அவரே சொன்னாராம்: “இப்ப தாவலை (தேவலை). கால் மரமரப்பு போயிட்டு. சொளவ (முறத்தை) மடியில வச்சி ஒரு மணி நேரம் உக்காந்தாத்தான் குறுக்கு புடிச்சிக்கிடுது.” எக்ஸ்ரேயில், ஆபரேஷனில் வைத்த ஸ்க்ரூ சரியாகவே இருக்கிறது. சர்ஜன் பார்ப்பது அதை. அந்த அம்மா சொல்வது இதை. நமக்குச் சொல் வேண்டியது இரண்டாவதற்கு.

மகள் கொண்டுபோனது முதுகுவலியால் வரும் முடக்கத்தை அளக்க 1980-இல் வெளியான ஆஸ்வெஸ்ட்ரி வினாத்தாள். 10 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டி நூற்றுக்கு மாற்றினால் முடக்கத்தின் அளவு கிடைக்கும். அதில் உட்காருவது பற்றிய கேள்வி நாற்காலியை வைத்துத்தான். தரையில் கால் நீட்டி உட்கார்பவர் எதை டிக் செய்வார்? சரி, அது வேறு வழக்கு.

‘தேறுநிலை’ என்று எழுதிப் பார்த்தேன். வலி விடாதவரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் கேலி செய்வதுபோல் இருக்கும். ‘நலநிலை’ என்றால் இரண்டு பக்கமும் இடம் உண்டு. ஆகவே ‘நோயாளி கூற்று நலநிலை’. தலைவி கூற்று, தோழி கூற்று என்று நமக்குப் பழகியதுதானே?

*

தம்பி,

‘விளைவை’ விலக்கிக்கொள்கிறேன். ஆனால் கூற்று என்றால் எமனுமல்லவா! ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அந்தப் பெயரில் படிவத்தை நீட்ட வேண்டாம். ‘தன்னுரை’ போதும்.

இன்னொன்று. ஆபரேஷனுக்கு முன்பும் இதே தாளைத்தான் நிரப்புவார்கள். அப்போது இருந்ததும் நலநிலைதான். பின்பு எப்படி என்பது சொல்லில் வர வேண்டாமா? ‘பின்னலம்’ என்றால் சடை பின்னுகிற நினைப்பு வரும். ‘தன்னுரைப் பின்நலநிலை’ என்று ஆய்வுக் கட்டுரையில் போடட்டும். வார்டில் “இப்ப தாவலையா?” என்றே கேட்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மா நாற்காலிக் கேள்விக்கு எதை டிக் செய்தார்? அதைக் கேட்டு எழுதுங்கள்.