பாஸ்கா திருவிழிப்பில் இரண்டு பெரியவர்களுக்குத் திருமுழுக்கு: என்னென்ன ஆயத்தம் வேணும்?

கரையோரம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பங்கு வழிபாட்டுக் குழுவில இந்த முறை பெரிய சனி இரவுப் பொறுப்பை, அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வாற பாஸ்கா திருவிழிப்பை, என்னட்டத் தந்திருக்கினம். வழமையான நெருப்பு, மெழுகுதிரி, வாசகங்களோட இந்த முறை இரண்டு பெரியவர்களுக்குத் திருமுழுக்கும் இருக்குது. அதால கேள்விகள் கொஞ்சம் கூட.

நெருப்புக்கு வழமையா விறகில மண்ணெண்ணெய் ஊத்துறது. அதைவிட நல்ல வழி இருக்குதோ? போன வருசப் பாஸ்கா திரி முக்கால்வாசி மிச்சம். அதில பொறிச்ச வருச இலக்கத்தைச் சுரண்டி மாத்தினாக் காணும் எண்டு குழுவில ஒரு கதை ஓடுது, சரியோ? வாசகம் ஏழையும் வாசிச்சா ஆக்கள் நித்திரையாப் போவினம், எத்தினையாக் குறைக்கலாம்? கடைசியா, திருமுழுக்கை ஏன் அந்த இரவிலயே வைக்கினம் எண்டு மறைக்கல்விப் பிள்ளையள் கேட்டா சுருக்கமா என்ன சொல்லுறது?

ஊமல்கரி:

நெருப்பில இருந்து வாறன், ஏனெண்டா அங்க பிழைச்சா முழு இரவும் பிழைக்கும்.

மண்ணெண்ணெய் வேண்டாம். கரும்புகை வரும், பவனி தொடங்கேக்க எல்லாருக்கும் கண் எரியும். அதைவிடப் பெரிய தொல்லை, தூபக்கலசத்துக்குக் கரி எடுக்கிறதும் அந்த நெருப்பிலதான். மண்ணெண்ணெய் குடிச்ச கரியில சாம்பிராணி போட்டா கோவில் முழுக்க அடுப்படி மணம். அடியில பன்னாடையும் காய்ஞ்ச பாளையும், அதுக்கு மேல சிரட்டை, நடுவில ஊமல் (காய்ஞ்ச பனங்கொட்டை) எண்டு அடுக்குங்கோ. பன்னாடை ஒரு நெருப்புக்குச்சியில பிடிக்கும். சிரட்டை சுவாலை தரும். ஊமல் தணலாக் கிடக்கும், கரி அதில எடுக்கலாம். சனம் வரமுதல் கால் மணித்தியாலத்துக்கு முன்னம் பத்த வைச்சாத்தான் குருவானவர் ஆசீர்வதிக்கிற நேரம் சுவாலையும் தணலும் சேர்ந்திருக்கும். கடற்கரைக் கோவில் எண்டபடியா, கட்டிடம் காத்தை மறைக்கிற பக்கத்தில வையுங்கோ, பக்கத்தில ரெண்டு வாளி மண்ணும் இருக்கட்டும்.

திரி விசயத்தில பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு வருசமும் புதுசு, உண்மையான மெழுகு, ஒரே ஒரு திரி. 1988-இல பாஸ்கா கொண்டாட்டம் பற்றி ரோமையில இருந்து வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவாச் சொல்லுது. உள்ளுக்கு எண்ணெய் ஊத்துற பிளாஸ்டிக் குழாய்த் திரியும் அதாலதான் சரிவராது. பழைய திரியைச் சுரண்டுறது காசை மிச்சம் பிடிக்கும், ஆனா “இந்த வருசம்” எண்டு அதில பொறிக்கிறதுக்கு ஒரு அர்த்தமும் இல்லாமப் போயிடும். மிச்சத்தை உருக்கி ஆக்கள் பிடிக்கிற சின்னத் திரி வார்த்தெடுங்கோ.

திரியில குருவானவர் கீறுறது சிலுவை, மேல அல்பா, கீழ ஒமேகா, நாலு மூலைக்கும் வருசத்தின்ர நாலு இலக்கம். பிறகு ஐந்து சாம்பிராணி மணி, சிலுவை வடிவில. இங்க வழமையா நடக்கிற பிழை: மெழுகு இறுகியிருக்க மணியை அமத்தினாத் திரி வெடிக்கும். முதல் நாளே ஒரு ஆணியைச் சூடாக்கி ஐந்து துளையும் போட்டு வையுங்கோ. கோடுகளையும் மெல்லிசாக் கீறி வைச்சா இருட்டுக்குள்ள குருவானவர் தடுமாற மாட்டார்.

திரியின்ர நூலையும் பாருங்கோ. புதுத் திரியில நூல் மெழுகுக்குள்ள புதைஞ்சிருக்கும், பவனி நடுவில அணையிறது அதாலதான். சுத்திவர மெழுகைக் கொஞ்சம் வெட்டி, ஒரு நிமிசம் எரிச்சுப் பார்த்து அணைச்சு வையுங்கோ. அது முறையில்லை எண்டு சிலர் சொல்லுவினம். நடுவழியில நெருப்புப் பெட்டி தேடுறதைவிட இது மேல். இன்னொண்டு, மூண்டடி உயரம் மூண்டு அங்குல விட்டமுள்ள திரி கிட்டத்தட்ட நாலு கிலோ வரும். சின்னப் பீடப்பணியாளர் பிள்ளையிட்டக் குடுக்காதேங்கோ.

பவனியில “கிறிஸ்துவின் ஒளி இதோ” எண்டு பாடுறது மூண்டு இடத்தில: கோவில் வாசல், நடு, பலிபீடத்துக்கு முன்னால. முதலாவதில குருவானவரின்ர திரி, இரண்டாவதில சனத்தின்ர திரி, மூண்டாவதுக்குப் பிறகு கோவில் விளக்கு எண்டு பத்தவைக்கிறது. பலிபீடத்து மெழுகுதிரி மட்டும் வானவர் கீதம் (“உன்னதங்களிலே” பாட்டு) வரைக்கும் பத்தவைக்கிறேல்லை. அந்த நேரம் மின்விசிறி எல்லாம் நிப்பாட்டி இருக்க வேணும். இல்லாட்டி மெழுகு உடுப்பிலயும் முன்னால நிக்கிறவரின்ர தலைமயிரிலயும்.

மறைக்கல்வி ஆசிரியை:

ஊமல்கரி அண்ணை சொன்னதோடு சேர்த்து, திருமுழுக்குப் பகுதியை நான் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லுங்கள்: அந்த இரவில் வாசிக்கும் உரோமையர் 6-ஆம் அதிகாரத்தில், திருமுழுக்கில் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டு அவரோடு புதுவாழ்வுக்கு எழுகிறோம் என்று பவுல் சொல்கிறார். கல்லறையிலிருந்து அவர் எழுந்த இரவிலேயே தண்ணீரிலிருந்து நாங்களும் எழுகிறோம். அதற்குமேல் சிறுவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தவக்காலம் என்பதே முதலில் இவர்களைப் போன்றவர்களின் கடைசி ஆயத்தக் காலமாக இருந்தது என்பதைப் பெரியவர்களுக்குச் சேர்த்துச் சொல்லலாம். மீன், இறைச்சி விடுவது மட்டும்தான் தவக்காலம் என்று நினைக்கிறவர்கள் எங்களில் நிறையப் பேர்.

அந்த இருவருக்கும் தவக்காலத்தின் முதல் ஞாயிறில் தெரிந்துகொள்ளும் சடங்கு (திருமுழுக்குக்குத் தெரிவானவர்கள் என்று ஏற்கும் சடங்கு) நடந்ததா என்று பாருங்கள். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் அவர்களுக்கான சிறப்பு மன்றாட்டுகள் உண்டு. அந்த ஞாயிறுகளுக்குரிய நற்செய்திகள் சமாரியப் பெண், பிறவிக் குருடர், இலாசர். தண்ணீர், ஒளி, உயிர் என்ற இந்த வரிசை சனி இரவுக்கான ஆயத்தமேதான்.

ஞானப்பெற்றோர் விடயத்தில் கடைசி நேரத்தில்தான் சிக்கல் வரும். பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும், பெற்ற தாய் தகப்பன் ஞானப்பெற்றோர் ஆக முடியாது. ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். வெளிநாட்டிலிருந்து மாமா வருகிறார் என்று சொல்லி, அவருடைய உறுதிபூசுதல் சான்றிதழ் இல்லாமல் சனி பின்னேரம் ஓடித்திரிவதைத் தவிர்க்க, குருத்து ஞாயிறுக்கு முன்பே எல்லாப் பத்திரமும் பங்குத்தந்தையின் மேசைக்குப் போய்விட வேண்டும்.

திருமுழுக்குக்கு முன் பூசும் ஆயத்த எண்ணெய், உறுதிபூசும் கிறிஸ்மா என்ற எண்ணெய் இரண்டும் பெரிய வாரத்தில் ஆயர் பேராலயத்தில் ஆசீர்வதிப்பவை. பழைய ஆண்டின் எண்ணெயைப் பாவிக்காமல் புதியதைக் கொண்டுவர ஆளை ஒழுங்குசெய்யுங்கள். ஆயத்த எண்ணெய் சனி இரவுக்கு முன்பே பூசப்பட்டிருக்கலாம், பங்குத்தந்தையைக் கேளுங்கள். கிறிஸ்மா அந்த இரவுக்குக் கட்டாயம். ஏனென்றால் பெரியவர்களுக்குத் திருமுழுக்கு, உறுதிபூசுதல், முதல் நற்கருணை மூன்றும் ஒரே வழிபாட்டில். பெரியவருக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் குருவுக்கே உறுதிபூசவும் திருச்சபைச் சட்டம் அதிகாரம் தருகிறது. குழந்தைக்குச் செய்வதுபோல் திருமுழுக்கு முடிந்ததும் உச்சந்தலையில் கிறிஸ்மா பூசுவது இங்கே இல்லை. உறுதிபூசுதலே உடனே தொடர்வதால் அது விடப்படும். இரண்டையும் செய்து குழப்பும் இடங்கள் உண்டு.

தண்ணீர்: புனிதர்களின் மன்றாட்டுமாலை முடிந்து தண்ணீரை ஆசீர்வதிக்கும்போது பாஸ்கா திரியை ஒரு தரமோ மூன்று தரமோ தண்ணீருக்குள் இறக்கலாம். பாத்திரம் ஆழமில்லாவிட்டால் அது வெறும் பாவனையாகிவிடும். குனிந்து நிற்பவரின் தலையில் ஊற்றப்போகிறீர்கள் என்றால் கீழே ஏந்த அகலமான தாம்பாளம், இரண்டு துவாய், வழுக்காத ஒரு பாய் வேண்டும். மைக் வயர் அந்தப் பக்கம் வரவே கூடாது. வெள்ளாடை திருமுழுக்குக்குப் பின்புதான். வரும்போதே வெள்ளைச் சேலையோடு வந்து நின்றால் உடுத்துவிக்கும் சடங்கில் செய்ய ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளைச் சால்வையை ஞானத்தாய் கையில் வைத்திருக்கட்டும். அவர்களின் மெழுகுதிரியைப் பாஸ்கா திரியிலிருந்து பத்தவைத்துக் கொடுப்பதும் ஞானப்பெற்றோரே.

பிறகு முழுச் சனமும் எரியும் திரியோடு நின்று திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிக்கும். இதுதான் மற்ற எல்லாருக்குமான புதுத் தொடக்கம். “விட்டுவிடுகிறேன்”, “நம்புகிறேன்” என்ற பதில்கள் முணுமுணுப்பாக வந்தால் அந்த இரவின் பாதி போய்விட்டது. பாடகர் குழு முன்னின்று உரத்துச் சொல்லட்டும். இந்தப் புதுப்பித்தல் இருப்பதால் அன்று விசுவாசப் பிரமாணம் தனியாகச் சொல்வதில்லை.

கரையோரம்:

பெரிய உதவி ரெண்டு பேரும். ஒரு சிக்கல். அந்த ரெண்டு பேரில ஒராளுக்குச் சின்னனில மெதடிஸ்த கோவிலில ஞானஸ்நானம் குடுத்ததெண்டு இப்பதான் சொல்லுகினம். அவர் கலியாணத்துக்குப் பிறகு எங்கட கோவிலுக்கு வாறவர். அவருக்கும் சேர்த்துத் தண்ணி ஊத்தலாமோ?

மறைக்கல்வி ஆசிரியை:

ஊற்ற முடியாது. தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் கொடுத்த திருமுழுக்குச் செல்லும். அதைத் திரும்பக் கொடுப்பதில்லை. அந்தச் சபையிலிருந்து சான்றிதழ் எடுங்கள். அவர் விசுவாச அறிக்கை செய்து, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்று கத்தோலிக்கத் திருச்சபையின் முழு ஒன்றிப்புக்குள் வருவார். சனி இரவிலேயே வைக்கலாமா, வேறொரு ஞாயிறிலா என்பது பங்குத்தந்தையின் முடிவு. வேறு நாள் வைத்தால் நல்லது என்பது என் எண்ணம். ஒரே இரவில் இருவரும் ஒரே இடத்தில் நின்றால், மெதடிஸ்த உறவினருக்கு அவர்களின் ஞானஸ்நானத்தை நாங்கள் கணக்கெடுக்கவில்லை என்று படும். இன்றைக்கே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், பெரிய வாரம் வரைக்கும் வைத்திராதீர்கள்.

வட்டுக்கோட்டை:

இடையில ஒரு வார்த்தை. தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் பக்கம் சனி இரவைவிட ஞாயிறு விடிய ஆராதனைக்குத்தான் சனம் கூட. யோவான் 20-இல மகதலேனா மரியாள் கல்லறைக்கு வாறது “அதிக இருட்டோடே”. அதால இருட்டில தொடங்கி வெளிச்சத்தில முடியிறமாதிரி நேரம் பாக்க வேணும். ஏப்ரல் தொடக்கத்தில யாழ்ப்பாணத்தில சூரியன் 6 மணி தாண்டின உடன வரும். 5.15-க்குத் தொடங்கினாச் சரி. 5.45 எண்டு அறிவிச்சா ஆக்கள் ஆறுக்கு வருவினம், பிறகு இருட்டு எங்க? சேமக்காலையில (கல்லறைத் தோட்டத்தில) தொடங்கிறதெண்டா முதல் நாளே பாதையில நெருஞ்சி முள்ளு துப்பரவாக்குங்கோ, சின்னப் பிள்ளையள் செருப்பில்லாமல் வாறது.

“கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” எண்டு ஒராள் சொல்ல “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” எண்டு சபை சொல்லுறதை முதல் கிழமையே பழக்கி விட்டா நல்லம்.

ஊமல்கரி:

வாசகக் கேள்விக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. பழைய ஏற்பாட்டில ஏழு, பிறகு திருமுகம், நற்செய்தி, மொத்தம் ஒன்பது. தேவை இருந்தாப் பழைய ஏற்பாட்டை மூண்டாக் குறைக்கலாம். எதை விட்டாலும் விடுதலைப் பயணம் 14, செங்கடல் கடக்கிற பகுதியை விடேலாது. திருமுழுக்கு இருக்கிறபடியா எசேக்கியேல் 36-ஐயும் வைச்சிருங்கோ, தூய தண்ணி தெளிப்பன், புது இதயம் தருவன் எண்டு வாறது அதில. நித்திரை வாறது வாசகத்தின்ர எண்ணிக்கையால இல்லை. இருபது வயசுப் பிள்ளையிட்ட அண்டைக்குப் பின்னேரம் புத்தகத்தைக் குடுத்து வாசிக்கச் சொல்லுறதால. ரெண்டு கிழமைக்கு முன்னம் பேரைப் போட்டு, மைக்கில நிண்டு வாசிச்சுப் பழக்குங்கோ.

நேரம்: இருட்டினாப் பிறகுதான் தொடங்கலாம், ஞாயிறு விடியமுதல் முடிக்கவும் வேணும். அந்த நாளுகளில பொழுது படுறது 6.20 அளவில. ஆறரைக்கு வைச்சா வானம் இன்னும் வெளிச்சம், புது நெருப்பு ஆருக்கும் தெரியாது. ஏழரை நல்லம்.

பிறகு மின்சாரம். இருட்டாக்க வேணுமெண்டு மெயின் சுவிட்சை இறக்கினா மைக்கும் போகும், பவனி முடியப் பாஸ்கா திரியடியில பாஸ்கா புகழுரை பாடுறவர் தொண்டை கிழியப் பாடுவார். விளக்குச் சுவிட்சுகளுக்கு மட்டும் ஒராளை நிப்பாட்டுங்கோ. புகழுரைப் புத்தகத்துக்குப் பக்கத்தில சின்ன ரோர்ச் ஒண்டு.

மறைக்கல்வி ஆசிரியை:

தீர்த்தத் தொட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தவக்காலம் முழுக்க வெறுமையாக வைப்பது முறையல்ல, பெரிய வியாழன் இரவுக்குப் பிறகு வெறுமையாக்கி, பாஸ்கா இரவுத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஆட்கள் போத்தலோடு வருவார்கள். திருமுழுக்குத் தண்ணீருக்குள் போத்தலை அமுக்க விடாமல், குழாய் பூட்டிய பெரிய பாத்திரத்தில் தனியாக வையுங்கள். தீவுப்பகுதி என்றால் உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், வீட்டில் நாள்பட வைத்திருக்கப்போகும் தண்ணீர் அது. சனத்துக்குத் தெளிக்க ஒரு கொத்து இலை போதும், கைத்தெளிப்பானில் நாலாவது வரிசைக்கு மேல் போகாது. திருமுழுக்குத் தொட்டித் தண்ணீரைப் பாஸ்கா காலம் முழுக்கத் திருமுழுக்குக்குப் பாவிக்கலாம்.

அதோடு, தவக்காலம் நாற்பது நாளுக்கு அட்டவணை போடுகிற பங்குகள், பெந்தெகோஸ்து வரை ஐம்பது நாளுக்கு ஒன்றும் போடுவதில்லை. திருமுழுக்குப் பெற்றவர் திங்களோடு மறக்கப்படுவது இதனால்தான். அந்த ஞாயிறுகளில் அவரை ஞானப்பெற்றோரோடு முன்வரிசையில் இருத்துங்கள். மன்றாட்டில் பெயர் சொல்லுங்கள். கிழமைக்கு ஒருமுறை, அந்த இரவில் நடந்தவை ஒவ்வொன்றையும் அவரோடு திரும்ப எடுத்துக் கதைக்க ஒருவரை நியமியுங்கள். பாஸ்கா திரி பெந்தெகோஸ்து வரை வாசக மேடை அருகே. பெந்தெகோஸ்துக்குப் பிறகு திருமுழுக்குத் தொட்டியடிக்குப் போகும், திருமுழுக்குக்கும் அடக்கப் பூசைக்கும் மட்டும் எரியும்.

கரையோரம்:

நன்றி, குறிச்சு வைச்சிட்டன். ஆக்கள் பையோட வாறதைப் பற்றி என்ன செய்யிறது? 2019 உயிர்ப்பு ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கட பக்கம் வாசலில சோதனை.

ஊமல்கரி:

பை கொண்டுவர வேண்டாமெண்டு குருத்து ஞாயிறே அறிவியுங்கோ, தண்ணிப் போத்தல் வெறுமையாக் கையில. நெருப்பு மூட்டுற இடத்தையும் நேரத்தையும் பொலிசுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கோ. சனம் எல்லாம் வெளியில நெருப்படியில நிக்கேக்க கோவில் வெறுமையாக் கிடக்கும், அந்த நேரம் பக்கக் கதவுகளைப் பூட்டி, உள்ளுக்கு ரெண்டு பேர் நிக்கட்டும். பூட்டினவரே திறக்கவும் வேணும், அதால திறப்பு அவரின்ர பொக்கற்றில இருக்கட்டும்.