டிசைன் டோக்கனுக்குத் ‘தோற்ற அளவை’: ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு செயலியின் நிறம், இடைவெளி, எழுத்துரு போன்ற தோற்ற மதிப்புக்குப் பெயரிட்டு எல்லா இடங்களுக்கும் பொதுவாக வைத்தால், அந்தப் பெயரிட்ட மதிப்பே டிசைன் டோக்கன். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வில்லை, மாறி, குறி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அதைச் சொல்லுமுன், இந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க விரும்புகிறேன்.

ஒரு வலைச்செயலியின் முதன்மை நிறம் #003366 என்று கொள்வோம். அது பாணித்தாளில், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சிஎஸ்எஸ் மொழியில் விவரிக்கும் கோப்பில், எழுதப்படுகிறது. உலாவி அதைப் படித்துப் பக்கத்தைத் தீட்டுகிறது. அதே நிறம் வழங்கியில் (சர்வரில்) ஓடும் நிரலுக்கும் வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சலை ஆக்குவது வழங்கிதான். வேர்டின் காட்சிப்பொறியைக் கொண்டு மடலைக் காட்டும் பழைய விண்டோஸ் அவுட்லுக்குக்குச் சிஎஸ்எஸ் மாறிகள் (பாணித்தாளில் ஒரு மதிப்புக்கு இட்டு வைக்கும் பெயர்கள்) புரியாது என்பதால், நிறத்தின் எண்ணையே மடலில் உரிய இடங்களிலெல்லாம் நேராக எழுதி அனுப்ப வேண்டும். பிடிஎஃப் பற்றுச்சீட்டும் வழங்கி வரையும் வரைபடங்களும் இதே வகை.

இதைவிட நுட்பமான சிக்கல் படங்களில் வருகிறது. திரை 768 பிக்சலுக்குக் குறைந்தால் படம் முழு அகலம் கொள்ளும் என்று பாணித்தாள் சொல்ல, வழங்கி எழுதிய ‘சைஸஸ்’ பண்பில் (எந்தத் திரையில் படம் எவ்வளவு அகலம் என்று உலாவிக்குச் சொல்லும் குறிப்பில்) அந்த எல்லை 640 என்று இருந்துவிட்டால், இடைப்பட்ட திரைகளில் உலாவி பொருந்தாத அளவுள்ள படத்தைத் தரவிறக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. திரையின் அளவைப் பார்த்து விதியை மாற்றும் மீடியா குவெரியின் நிபந்தனைக்குள் சிஎஸ்எஸ் மாறி செல்லாது என்பதால், பாணித்தாளுக்குள்ளேயே கூட இந்த 768 பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில் நிறுவனத்தின் நிறம் மாறியபோது பக்கங்கள் ஒரே நாளில் மாறின. பற்றுச்சீட்டுகளோ நான்கு மாதம் பழைய நிறத்திலேயே போய்க்கொண்டிருந்தன. பாணித்தாளை வழங்கியே படித்து மதிப்பை எடுத்துக்கொள்ளட்டும் என்று முதலில் முயன்றோம். ஒரு நிறத்தை இன்னொரு நிறத்திலிருந்து கணக்கிடும் சாஸ் (சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் ஒரு பாணிமொழி) வரிகள் குறுக்கிட்டதும் அந்த முயற்சி நின்றது. பிறகுதான் மதிப்புகளைப் பாணித்தாளிலும் வைக்காமல், வழங்கி நிரலிலும் வைக்காமல், மூன்றாவதாக ஒரு ஜேசான் கோப்பில் (எந்த நிரல்மொழியும் படிக்கக்கூடிய எளிய தரவு வடிவம்) வைத்து, அதிலிருந்து இரு பக்கத்துக்கும் வேண்டிய வடிவங்களை ஆக்கிக்கொண்டோம்.

டிசைன் டோக்கன் என்ற பெயர் சேல்ஸ்ஃபோர்ஸ் வடிவமைப்பாளர்களிடமிருந்து பரவியது. அவர்களுடைய தியோ, அமேசானில் உருவான ஸ்டைல் டிக்‌ஷனரி ஆகிய கருவிகள் இவ்வாறு ஒரு மூலத்திலிருந்து பல மொழிகளுக்கு மதிப்புகளை எடுத்துத் தருபவை. உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் சமூகக் குழு ஒன்று இதற்கான கோப்பு வடிவத்தை வகுத்திருக்கிறது. அதன் முதல் நிலையான பதிப்பு 2025 அக்டோபரில் வெளிவந்தது.

இனிச் சொற்கள். ‘வில்லை’ அணுகல் உரிமைக்கான டோக்கனுக்குப் பொருந்தும். சேவகர்கள் அணிந்த வில்லையைப் போல, வைத்திருப்பவரின் உரிமையைக் காட்டுவது அது. நிறத்துக்கு அந்த வேலை இல்லை. ‘மாறி’ ஒரு மொழிக்குள் வாழ்வது. சாஸின் மாறியும் சிஎஸ்எஸ்ஸின் மாறியும் வழங்கி நிரலின் மாறியும் தனித்தனி. நாம் பேசும் பொருளோ அம்மூன்றுக்கும் வெளியே நின்று மூன்றையும் ஊட்டுவது. ‘குறி’யைச் சேர்த்து ‘இடைவெளிக்குறி’ என்று எழுதினால், படிப்பவர் விசைப்பலகையைத்தான் நினைப்பார். தனிமடலில் ஒருவர் ‘மானம்’ என்றார். தாளமானம் என்று சிற்பநூல் வழங்கும் நல்ல சொல்தான். ஆனால் வழங்கி பிழைபடும் நாளில் “மானம் போயிற்று” என்று எழுத நேரும்.

நான் முன்வைப்பது ‘தோற்ற அளவை’. நீட்டலளவை, முகத்தலளவை என்று பள்ளியிலேயே படித்த சொல் இது. முழம், படி, மரக்கால் என்பவை பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் அளவு உண்டு. விற்பவர் மரக்காலும் வாங்குபவர் மரக்காலும் வேறுபட்டால் வழக்கு வரும். பெயர், மதிப்பு, இரு தரப்புக்கும் பொதுவாதல் என்று டோக்கனுக்கு வேண்டிய மூன்றும் இதில் அடங்குகின்றன. வெறுமனே ‘தோற்ற மதிப்பு’ என்றால் இவை வாரா. பாணித்தாளில் யாரோ கைபோன போக்கில் எழுதிய எண்ணும் தோற்ற மதிப்புத்தான்.

நிறத்தை எப்படி அளவை என்பது என்று கேட்கலாம். காட்சியளவை, கருதலளவை என்று தருக்க நூல்கள் பேசும்போது அளவை என்பது நீள அகலமன்று. எதைக் கொண்டு துணிகிறோமோ அது அளவை. ‘நிற அளவை’ முதலில் சற்று உறுத்தும் என்பதை மறுக்கவில்லை. ‘இடைவெளி அளவை’, ‘எழுத்துரு அளவை’ உறுத்தவில்லை.

(சிஎஸ்எஸ் மாறிக்குத் தமிழிலேயே பெயரிடலாம், --முதன்மை-நிறம் என்று எழுதினால் உலாவி ஏற்கிறது. எங்கள் கோப்பில் இன்னும் ஆங்கிலப் பெயர்கள்தாம் என்பது வேறு கதை.)

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. தனக்கென மதிப்பின்றி இன்னோர் அளவையைச் சுட்டி நிற்கும் டோக்கனுக்குச் ‘சுட்டளவை’ என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் யாரிடமிருந்தோ சுட்டுக்கொண்டு வந்த அளவை போல ஒலிக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.