கொல்லையில் கைத்தையல்: நூல் துணுக்குகளைப் பறவைகளுக்கு விட்டுவைக்கலாமா?

காலடிப்பேட்டைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வசிக்கிறேன். பழைய பருத்திப் புடவை, வேட்டி, மீந்துபோன ரவிக்கைத் துணி ஆகியவற்றை வெட்டி இணைத்து, தையல் இயந்திரத்தைத் தொடாமல் கையாலேயே ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து வருகிறேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய பகுதி இது. ஆகவே இங்கே துணியை வீணாக்குபவர்களுக்கு மோட்சம் கிடையாது என்று என் கணவர் கேலி செய்வதுண்டு.

வீட்டிற்குள் வெளிச்சம் போதாது என்பதால் காலை வேளையில் கொல்லையில் அமர்ந்துதான் தைக்கிறேன். எலுமிச்சை, கறிவேப்பிலை, நந்தியாவட்டை, ஒரு கிழட்டு முருங்கை ஆகியவை அங்கே இருக்கின்றன. காகமும் மைனாவும் எப்போதும் வருபவை. இப்போது எலுமிச்சைச் செடியில், நான் உட்காரும் இடத்திற்குக் கையெட்டும் தூரத்தில், ஒரு தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டத் தொடங்கியிருக்கிறது. நான் தைத்துக்கொண்டிருக்கும் போர்வைக்குள் ஒரு பழைய தலையணையிலிருந்து எடுத்த இலவம்பஞ்சை நிரப்பியிருக்கிறேன். ஓரத்தில் பிதுங்கும் பஞ்சை அந்தச் சிட்டு வந்து கொத்திக்கொண்டு போகிறது. இதைக் கண்ட என் மாமியார், வெட்டி எறியும் நூல் துணுக்குகளையும் ஒரு கொட்டாங்குச்சியில் போட்டுச் செடியடியில் வைத்தால் புண்ணியம் என்கிறார். அப்படி வைக்கலாமா என்பதே என் முதன்மையான கேள்வி. கூடு இவ்வளவு அருகில் இருக்கும்போது நான் அதே இடத்தில் தொடர்ந்து அமரலாமா என்பதையும், போர்வைக்கு இலவம்பஞ்சு ஏற்றதுதானா என்பதையும் அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பெரம்பூர் பறவை நோக்கர்

அம்மா, தயவுசெய்து நூலை வைக்க வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தக் காரியம் குஞ்சுகளுக்கு ஆபத்தாக முடிவதுண்டு. கூட்டில் கிடக்கும் நீளமான நூல் குஞ்சின் காலைச் சுற்றிக்கொண்டால், கால் பருக்கப் பருக்க நூல் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். இறகு முளைத்துப் பறக்கும் பருவம் வந்த பிறகும் கூட்டை விட்டுக் கிளம்ப முடியாமல் காலில் கட்டுண்டு தொங்கும் குஞ்சுகள் இப்படித்தான் உருவாகின்றன. கடைகளில் இன்று கிடைக்கும் தையல் நூலில் பெரும்பகுதி பாலியஸ்டர் கலந்தது. அது மழையில் மட்காது, பறவையின் இழுப்புக்கு அறாது. நம் வடசென்னையில் மரங்களில் சிக்கிக் கிடக்கும் மாஞ்சா நூலும், காசிமேட்டுப் பக்கம் குப்பையோடு குப்பையாகச் சேரும் நைலான் வலைத் துண்டும் பறவைகளுக்குச் செய்யும் கேடு போதும். கொல்லையிலிருந்தும் நாம் கொஞ்சம் சேர்க்க வேண்டியதில்லை.

அதுவும் தையல்சிட்டுக்கு நீள நூலால் பயனே இல்லை என்பதை அதன் வேலைமுறையைக் கவனித்தால் அறியலாம். பெரும்பாலும் பெண் பறவைதான் தைக்கிறது. இலையின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சு, நார், சிலந்தி இழை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை அதன் வழியே செலுத்தி, அடுத்த இலையின் துளையோடு சேர்க்கிறது. துளையைக் கடந்த இழையின் முனை மறுபுறத்தில் பிசிறாக விரிந்து நின்றுகொள்வதால் அது நழுவுவதில்லை. ஆக, நாம் போடுவதைப் போன்று ஒரே நூல் தொடர்ந்து ஓடும் தையல் அன்று அது. ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும் குறுந்தையல். துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை வாடாமல் பசுமையாகவே இருந்து, கூட்டைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்கிறது. இதற்குத் தேவையானவை குட்டை இழைகளும் ஒட்டும் தன்மையுள்ள சிலந்தி வலையுமே. நீங்கள் உதவ விரும்பினால், கொல்லையில் ஒட்டடை அடிக்கும்போது செடிகளில் இருக்கும் வலைகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

இலவம்பஞ்சை அது எடுத்துச் செல்வதில் தவறொன்றும் இல்லை. இலவு காத்த கிளியைப் போலன்றி, உங்கள் சிட்டுக்குப் பஞ்சு கிடைத்தே விட்டது! சாயம் ஏற்றாத, வாசனை ஏதும் ஏறாத பஞ்சைச் சிறிதளவு கிளையிடுக்கில் செருகி வைக்கலாம். அந்துருண்டை போட்ட பெட்டியில் கிடந்த தலையணைப் பஞ்சு என்றால் அதுவும் வேண்டாம்.

உட்காரும் இடத்தைச் சில அடி தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கூடு கட்டும் காலத்தில் தொந்தரவு மிகுந்தால் பறவை அதைக் கைவிட்டுவிடக்கூடும். முட்டையிட்ட பிறகு ஏறத்தாழ 12 நாட்கள் அடைகாக்கும். குஞ்சு பொரித்துச் சுமார் இரண்டு வாரங்களில் அவை பறந்துவிடும். அதுவரை எலுமிச்சையைக் கவாத்து செய்யாமலும், இலையை விலக்கி எட்டிப் பார்க்காமலும் இருந்தால் போதும். எட்டிப் பார்க்கும் மனிதரைத் தொடர்ந்து காகமும் பூனையும் எட்டிப் பார்க்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் கூட்டைக் குலைப்பதையும் வேட்டையாடுதல் என்பதன் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதை, செடியை வெட்டச் சொல்லும் அண்டை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லலாம்.

வண்ணை ஊசிக்காரர்

பறவை பற்றி மேலே ஐயா கூறியதற்கு மேல் எனக்குத் தெரியாது. பஞ்சைப் பற்றி நான் கூறுகிறேன்.

இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் உரியது. கைத்தையல் போர்வைக்கு உரியதன்று. அதன் இழை உள்ளே குழலாக, வெளியே மெழுகுப் பூச்சோடு வழுவழுப்பாக இருக்கும். அதனால்தான் அது நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை; அதனால்தான் ஓரிழை மற்றோரிழையைப் பற்றிக்கொண்டு நிற்பதும் இல்லை. தடித்த மெத்தைத் துணிக்குள் திணித்துக் கட்டும்போது இது குறையாகத் தெரியாது. மெல்லிய பழம்புடவைகளுக்கு இடையே பரப்பினாலோ, ஊசி இட்ட துளைதோறும் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். துவைத்தவுடன் எஞ்சியது மூலையில் திரண்டுவிடும். போடியிலிருந்து வரும் முதல்தரப் பஞ்சானாலும் இதே கதைதான். உங்கள் சிட்டுக்கு ஓரத்தில் பஞ்சு கிடைப்பதன் காரணமும் இதுவே.

தளர்வான பருத்திப் பஞ்சைக்கூட 2 அங்குலத்திற்கு ஒரு தையல் வரிசை வீதம் பிடித்தால்தான் அது நிலைத்து நிற்கும். ஆனால் நம் ஊருக்குப் பஞ்சே எதற்கு என்பதுதான் என் கேள்வி. மார்கழி, தை மாதங்களிலும் விடியற்காலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. சௌகார்பேட்டை வீடுகளில் பார்க்கும் ரஜாய் வடக்கத்திக் குளிருக்காக உருவானது. அதைப் பார்த்து நாம் பஞ்சு திணிக்க வேண்டியதில்லை. வங்காளத்துக் காந்தா பழம்புடவைகளை அடுக்கிச் சிறு ஓட்டுத்தையலால் பிடித்ததுதான். உள்ளே பஞ்சு கிடையாது. கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியோ இன்னும் அழகானது. அவர்கள் ஒரு மூலையில் தொடங்கி, ஓரங்களைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே நடுப்பகுதிக்கு வந்து சேர்கிறார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவே ஒரு பழைய வேட்டி, கீழே ஒரு புடவை என்று மூன்று அடுக்கு வைத்தால் சென்னைக்கு அதுவே தாராளம்.

துணியைத் தேர்வதில்தான் முக்கால்வாசி வேலை அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். பிறகு பாவு (நீள இழை) வாட்டத்திலும் ஊடை (குறுக்கிழை) வாட்டத்திலும் இரு கைகளால் இழுத்துப் பாருங்கள். மடிப்பு விழும் இடங்கள் முதலில் கிழியும். அவற்றை நீக்கிவிட்டு உட்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய துணியைச் சேர்ப்பதாக இருந்தால், எம்.சி. ரோட்டில் வாங்கினாலும் கோடவுன் தெருவில் வாங்கினாலும், வெட்டுவதற்கு முன்பே அலசிக் காயவைத்துச் சுருக்கத்தைப் போக்கிவிடுங்கள். ஏற்கெனவே சுருங்கிய பழந்துணியும் இனிமேல் சுருங்கவிருக்கும் புதுத்துணியும் ஒரே போர்வையில் சேர்ந்தால் முதல் துவையலிலேயே முகம் சுளித்துக்கொள்ளும். கட்டம் போட்ட கைலித் துணியைச் சேர்ப்பவர்கள், நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று சோதிப்பது கட்டாயம். ஒட்டினால், தண்ணீர் தெளிவாகும்வரை திரும்பத் திரும்ப அலசுவதே வழி. உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

அடுக்குகளைத் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவிவிட்டு, ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். நிலையான தையலையும் நடுவிலேயே தொடங்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் நிற்கும். நூல் முழங்கை நீளத்திற்குச் சற்று மிகுதியாக இருந்தால் போதும். நீளம் கூடினால் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். பருத்தி நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். நைந்த பருத்தித் துணியில் பாலியஸ்டர் நூலைப் போடாதீர்கள், ஏனெனில் நாளடைவில் நூல் அறாது, துணிதான் அறும். ஊசி 9ஆம் எண் அல்லது 10ஆம் எண், குட்டையான வகை. எண் கூடக்கூட ஊசி மெலியும் என்பதை மறந்து தடித்ததை வாங்கிவிட வேண்டாம். அங்குலத்திற்கு 10 தையல் போடும் கைகாரர்கள் உண்டு. 6 போதும், ஆனால் ஆறும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996இல் மில் மூடிய பிறகும் அங்கே நெய்த காக்கித் துணி எங்கள் பெட்டியில் கிடந்தது. அது மிக நெருக்கமான நெசவு. மூன்றடுக்கில் ஓர் அடுக்காகக்கூட வைக்க முடியாது, ஊசி இறங்காது. அதைப் பையாகத் தைத்துவிட்டோம்.

ராயபுரம் பழைய வீடு

பெரம்பூர் ஐயாவோடு எனக்கு ஓரளவு கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் வீட்டு ஓட்டிடுக்கில் தலைமுறை தலைமுறையாகச் சிட்டுக்குருவி கூடு வைக்கிறது. என் தாயார் தையல் வேலை செய்தவர். அவர் வெட்டிப் போட்ட துணுக்குகளைக் குருவிகள் எடுத்துச் சென்றதைப் பார்த்தே வளர்ந்தோம். குஞ்சு எதுவும் தொங்கியதாக நினைவில்லை. பருத்தி நூலை அரை அங்குலத்திற்குக் குறைவாக நறுக்கி வைத்தால் காலைச் சுற்ற முடியாது அல்லவா? எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் மக்களுக்கும் பறவைகளுக்கும் இடையே உறவே இல்லாமல் போய்விடும் என்பது என் எண்ணம்.

பெரம்பூர் பறவை நோக்கர்

தங்கள் தாயார் காலத்து நூல் பருத்தி. அது இரண்டு மழையில் நைந்துவிடும். இன்று ஒரு பந்து நூலைக் கையில் கொடுத்தால் அது எதனால் ஆனது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. எரித்துப் பார்க்க வேண்டும்: பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகும். அப்படிச் சோதித்த பருத்தி நூலை அரை அங்குலத்திற்குள் நறுக்கி வைப்பதை நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் கொட்டாங்குச்சியில் போடும் பழக்கம் ஏற்பட்டுவிட்டால் ஒருநாள் அவசரத்தில் முழ நீளத் துண்டும் அதில் விழும். ஆகவே வேண்டாம் என்றே பொதுவாகச் சொல்லிவிடுகிறேன்.

காலடிப்பேட்டைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. நாற்காலியை முருங்கையடிக்கு மாற்றிவிட்டேன். இலவம்பஞ்சை எடுத்துவிட்டு என் மாமனாரின் பழைய வேட்டியை நடுவில் வைக்க முடிவு செய்திருக்கிறேன். நூலை எரித்துச் சோதித்ததில் அது மணியாகத்தான் உருகியது. அதை மாமியாரிடம் காட்டியதும் கொட்டாங்குச்சிப் பேச்சு நின்றது. புதிய இடத்தில் வேறொரு தொல்லை: முருங்கையில் வந்தமரும் கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் விரித்த துணியின் மேல் எச்சமிடுகின்றன. மேலும், இரவில் துணியிலேயே விட்டுவைத்த குண்டூசிகளைச் சுற்றி மஞ்சள் கறை தெரிகிறது. இரண்டையும் எப்படிப் போக்குவது?

வண்ணை ஊசிக்காரர்

எச்சத்தை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இழைக்குள் பரவிவிடும். முழுவதும் காயவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு, மழுங்கிய கத்தி முனையால் சுரண்டி எடுத்த பிறகு, குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை உறைந்துபோகக்கூடும். கொண்டைக்குருவி பழம் தின்னும் பறவை. அது ஊதாநிறப் பழத்தைத் தின்றுவிட்டு இட்ட எச்சம் பருத்தியிலிருந்து எளிதில் போகாது. எனவே மரத்தடியில் தைக்கும்போது வேலை செய்யும் பகுதியைத் தவிர மற்றதைப் பழைய பெட்ஷீட்டால் மூடி வைப்பதே நல்லது.

மஞ்சள் கறை துரு. கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்திருப்பதால் திருவொற்றியூரில் ஊசி ஓரிரவிலேயே துருப்பிடிப்பதில் வியப்பில்லை. எலுமிச்சைச் சாறும் சிறிது உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசினால் புதிய துருக்கறை மங்கும். சாயம் போகும் துணியில் முதலில் ஓரத்தில் சோதித்துப் பார்க்கவும். எலுமிச்சைக்காக அந்தச் செடியின் பக்கம் போகாமல் கடையிலேயே ஒரு பழம் வாங்கிக்கொள்ளுங்கள். இனி மாலையில் வேலையை மடித்து வைக்கும்போது ஊசி, குண்டூசி அனைத்தையும் துணியிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் முகப்பவுடர் தூவிய ஒரு மூடிபோட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையிலும் அவை பழுதாவதில்லை. அடுக்குகளைப் பிடிப்பதற்குக் குண்டூசியே வேண்டாம், தற்காலிகத் தையலே போதும்.