மைக்கை வைத்துவிட்டு மக்கள் பணிக்கு வந்தவர்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

செய்திச் சேனலில் நான் கேமராமேன். என்னோடு பல வருஷம் களத்துக்கு வந்த நிருபர் இப்போது ஓர் அரசுத் துறையில் செய்தித் தொடர்பாளர். வெள்ளமோ தீ விபத்தோ, முதல் லைவ் அவருடையதாகத்தான் இருக்கும். ஒரு புயல் சமயத்தில் பைட் (கேமரா முன் சொல்லும் சிறு பேட்டி) எடுக்க அவரிடமே போக வேண்டியதாயிற்று. நாளைக்குப் பள்ளிகளுக்கு விடுமுறையா என்று கேட்டேன். அவருக்குப் பதில் தெரியும், முகத்திலேயே எழுதியிருந்தது, கூடவே வேலை பார்த்தவனுக்கு அதுகூடத் தெரியாதா? “கையெழுத்தாகட்டும் அண்ணா, எல்லாச் சேனலுக்கும் ஒரே நேரத்துல வரும்” என்று முடித்துவிட்டார். பழைய ஆளாக இருந்தால் இந்நேரம் திரையின் அடியில் ஸ்க்ரோல் ஓட விட்டிருப்பார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் உத்தரவு வருவதற்குள் இரண்டு சேனல்கள் தப்பான தகவலைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

-----

நான் அப்படி மாறிப் போனவள், அதனால் எழுதுகிறேன். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பதுதான் முதல் கஷ்டம், மேலே அண்ணன் எழுதியது அப்படியே உண்மை. இரவு பதினொரு மணிக்குப் பழைய நண்பர் போன் செய்து “ஆஃப் தி ரெக்கார்டாவது சொல்லுப்பா” என்பார், போனை வைத்த பிறகு துரோகம் செய்த மாதிரி இருக்கும். இரண்டாவது, பெயர். திரையில் தினமும் ஓடிய பெயர் இங்கே எங்கேயும் இல்லை, நாம் எழுதும் குறிப்பு நான்கு மேஜை ஏறி, அடித்துத் திருத்தப்பட்டு, வேறொருவர் கையெழுத்தோடு வெளியே போகும். பழகிவிட்டது. சேனல் கற்றுக்கொடுத்ததில் உதவியது ஒன்று: சிக்கலானதைக் காதால் கேட்டாலே புரிகிற மாதிரி எழுதுவது. ‘மேற்படி ஆவணங்களின் சான்றொப்பமிட்ட நகல்கள்’ என்று நீண்ட ஒரு பக்க அறிவிப்பை ‘இந்த மூன்று காகிதங்களைக் கொண்டு வாருங்கள்’ என்று மாற்றியதும் கவுன்ட்டரில் தகராறே குறைந்துபோனது. சம்பளம் பற்றிக் கேட்காதீர்கள். ஃபாக்ஸ் நியூஸிலிருந்து 2006-இல் வெள்ளை மாளிகைக்குச் செய்திச் செயலாளராகப் போன டோனி ஸ்னோவே மறு வருஷம் பணக் காரணம் சொல்லித்தான் விலகினார், நான் எம்மாத்திரம்.

-----

இரண்டு பேரும் சொல்வது அதிகாரிகள் பக்கம். தேர்தலில் நிற்பவர்கள் கதை வேறு. அங்கே தெரிந்த முகம் என்பதே பாதி பிரசாரம். பிரிட்டனில் பி.பி.சி.யின் போர்க்கள நிருபர் மார்ட்டின் பெல் 1997-இல் டாட்டன் தொகுதியில் சுயேச்சையாகவே ஜெயித்தார். ஆஸ்திரேலியாவில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் செய்தியாளராக இருந்த மேக்சின் மெக்யூ 2007-இல் பிரதமர் ஜான் ஹோவர்டையே அவருடைய தொகுதியில் தோற்கடித்தார், 2010-இல் அதே தொகுதியை இழந்தார். கேரளத்தில் தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்த வீணா ஜார்ஜ் 2016-இல் ஆரன்முளாவில் வென்று 2021-இல் சுகாதார அமைச்சரானார்.

நான் பார்த்தது சின்ன அளவில். விவாத நிகழ்ச்சி நடத்திப் பெயர் வாங்கி மக்கள் பிரதிநிதியான ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்தேன். மனு கொடுக்க வருகிறவர்களிடமும் “சுருக்கமா, நேரா விஷயத்துக்கு வாங்க” என்பார். ஒரு பெரியவர் சாலை, தெருவிளக்கு என்று ஆரம்பித்தார், இவர் இடைமறித்துக் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். வாசலில் என்னிடம்தான் அந்தப் பெரியவர் தன் ஓய்வூதியம் நின்றுபோனதைச் சொன்னார், எல்லார் முன்னாலும் அதை முதலில் சொல்லக் கூச்சமாம். உள்ளே போய்ச் சொன்னேன். உடனே அவரைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசினார், அதை மறுக்க மாட்டேன், ஆனால் அடுத்து வந்தவரிடமும் அதே “சுருக்கமா”தான்.

தேர்தலில் தோற்று மறுபடி செய்தி வாசிக்கத் திரும்பியவர் யாரையாவது பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நேற்றுவரை கட்சிக் கொடி பிடித்தவர் இன்று கேள்வி கேட்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.