அப்பாவுக்கு ஏஎல்எஸ், சோடியம் 124: உப்பு கொடுக்கலாமா?

கேள்வி:
அப்பாவுக்கு மோட்டார் நியூரான் நோய் (ஏஎல்எஸ், தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல அழிவது) வந்து இரண்டு வருடம், நான்கு மாதமாக வயிற்றுக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. இரண்டு நாளாக ஒரே தூக்கம், கண்ணசைவில் சொல்லும் பதிலும் குழம்புகிறது, நோய் முற்றுகிறது என்றே நினைத்தோம். ரத்தம் பார்த்தால் சோடியம் 124. உப்பைக் கூடுதலாகக் கலந்து விடலாமா?

பதில் 1:
வேண்டாம், நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். 135-க்குக் கீழே போனாலே குறைவுதான், 124-ம் குழப்பமும் சேர்ந்தால் இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கேயும் மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரை, ஏனென்றால் வேகமாக ஏறினால் மூளைத்தண்டு பாதிக்கப்படலாம்.

பதில் 2:
அம்மாவுக்கும் இதே நோய். குழாய் உணவில் உப்பு குறைவு, அதோடு ஒவ்வொரு முறையும் குழாயைக் கழுவ விடும் தண்ணீர், எங்களுக்கு அதுதான் காரணமாக இருந்தது. எச்சில் வடிவதற்கு அமிட்ரிப்டிலின் கொடுக்கிறீர்களா? அதுவும், பிபிக்கான தயசைடு மாத்திரையும் சோடியத்தை இறக்கலாம். மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பதில் 3:
அப்புறம், மூச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சுத் தசை தளர்ந்து கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தாலும் இதே தூக்கம்தான் வரும். நிமோனியா இருந்தாலும் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சோடியம் இறங்கும்.

கேள்வி கேட்டவர்:
சரி, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, கிளம்புகிறோம்.