சட்டைச் சின்னத்தைப் பார்த்து உங்களிடம் யார் என்ன சொன்னார்கள்?

தோ பாயோ வாசி

ஆண்கள் சட்டையில் இருக்கும் குதிரை, முதலை, பந்தாட்டக் குழு பேட்ஜ், விளம்பரதாரர் பெயர் இதையெல்லாம் பார்த்து யாராவது உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தால் இங்கே எழுதுங்கள். என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது வேண்டாம், நடந்தது போதும். நானே தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு வெளியே போகிற சட்டை என்றால் முதலைச் சட்டைதான். ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு நிச்சயதார்த்த விருந்து. எங்கள் மேசையில் வெளிநாட்டு வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பையன். "அங்கிள், உங்க முதலை தப்பான பக்கம் பாக்குது. ஒரிஜினல் அந்தப் பக்கம் பாக்கும்" என்றான். மேசையே சிரித்தது. அப்பா மீன் தலைக் கறியை விட்டுத் தலை நிமிரவில்லை.

அவர் போட்டிருந்தது போலி இல்லை. பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட்டுக்கு அமெரிக்கப் பத்திரிகைகள் 1920களில் வைத்த பட்டப்பெயர் முதலை. 1933-ல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் முதலைக்குத் தலை, பார்ப்பவருக்கு வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் பார்ப்பது நம்ம ஊர் முதலை. டான் ஹியன் சின் என்பவர் 1947-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. இரண்டு முதலைகளும் நாடு நாடாக வழக்காடின. 1983-ல் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை, தைவான் சந்தைகளில் இரண்டும் இருந்துவிட்டுப் போகலாம் என்று உடன்பாடு போட்டார்கள். சீனாவில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2010-ல் நம்ம ஊர் முதலைக்குச் சாதகமாக முடிந்தது.

இவ்வளவையும் தேடிப் படித்து அப்பாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றாமலேயே, "அந்தப் பையன் நம்பர் உங்கிட்ட இருக்குல்ல? அனுப்பிவிடு" என்றார்.

புதுக்கோட்டை பாலா

அண்ணே வணக்கம். நான் இங்க கட்டுமான வேலை, விடுதி உட்லண்ட்ஸ் பக்கம். ஊருக்குப் போறப்ப மச்சானுக்கு டி-சட்டை இல்லாமப் போக முடியாது. ஒரு தடவ முஸ்தஃபாவுல நல்ல கனமான துணியா, நெஞ்சுல ஒண்ணுமே இல்லாததா எடுத்துட்டுப் போனேன். வெயிலுக்கு நல்லா இருக்கும்னு நெனச்சுதான் எடுத்தேன். மச்சான் பிரிச்சாரு, முன்னாடி பாத்தாரு, பின்னாடி திருப்பினாரு. "மாப்ள, இதுல ஒண்ணும் போடலியே?"ன்னாரு. போடலங்கிறதுதான் அதுல விசேஷம்னு சொல்லிப் பாத்தேன். "இதைப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போனா அறந்தாங்கியில எடுத்ததும்பாய்ங்க"ன்னு மடிச்சு வச்சுட்டாரு.

அடுத்த லீவுக்கு, உள்ளங்கை அகலத்துக்குக் குதிரை போட்டது வாங்கிட்டுப் போனேன். மச்சான் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அவரோட தம்பி திருப்பூர்ல பனியன் கம்பெனியில எம்ப்ராய்டரி மிஷின் ஓட்டுறவன். காலரைப் புரட்டி லேபிளப் பாத்துட்டு, "அண்ணே, இது இந்தியாவுல தச்சது. இந்த மாதிரி துணி எங்க ஊர்லேருந்துதான் கப்பல் ஏறுது"ன்னான். மச்சான் விடல. "இருக்கட்டும்டா, சிங்கப்பூர் போயிட்டு வந்திருக்குல்ல!"

ஈசூன் அக்கா

பாலா தம்பி, எங்கள் வீட்டில் நேர்மாறு. தீபாவளிக்கு என் வீட்டுக்காரருக்கு எடுத்தால், சட்டையில் உள்ள சின்னம் படத்தில் விழாத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும் என்பார். சின்னமே இல்லாததை எடுத்துக் கொடுத்தால் மட்டும் முகம் சுருங்கும். ஆண்களைப் புரிந்துகொள்ள முடியாது.

கேலாங் பாய்

நான் லிவர்பூல். 1992-லிருந்து 2010 வரைக்கும் அந்தச் சட்டையின் நெஞ்சில் கார்ல்ஸ்பெர்க். ஒரு சொட்டு தொடாதவன், இளவயசு பூரா பீர் பெயரைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அம்மா அதைத் துவைக்கும்போதெல்லாம் முணுமுணுப்பார்கள்.

2005 மே, இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். இங்கே அது விடிகாலை 2.45-க்குத் தொடங்கியது. பாதி நேரத்தில் ஏசி மிலான் 3-0. கோப்பிக் கடையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிக் கதை உலகத்துக்கே தெரியும்: 3-3, பிறகு பெனால்டி. கோப்பை கைக்கு வந்து, கத்தி முடித்துப் பார்த்தால் சுபுஹுக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போனால் தொழுகை தவறிவிடும். அப்படியே பள்ளிவாசலுக்குள் போய்ப் பின் வரிசைகளில் ஒன்றில் நின்றுவிட்டேன்.

தொழுது முடித்ததும் பின்னாலிருந்து ஒரு பெரியவர் தோளைத் தட்டினார். போச்சு என்று நினைத்தேன். "தம்பி, ஜெயிச்சுட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. தலையாட்டினேன். "அல்ஹம்துலில்லாஹ். நாளைக்கு வேற சட்டை போட்டுட்டு வாங்க. முன்னாடி இருக்கிற பீர் பேரு உங்களுக்கும் அல்லாவுக்கும் உள்ள விஷயம். பின்னாடி ஜெரார்ட் 8-ன்னு எழுதியிருக்கு பாருங்க, அது எனக்கு உள்ள விஷயம். ருகூவுக்குக் குனியிற வரைக்கும் அதைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன்."

2010-க்குப் பிறகு சட்டையில் வங்கி பெயர் வந்தது. நிம்மதி என்று நினைத்தால், என் மாமனார் அதைப் பார்த்துவிட்டு வட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இப்போது வெள்ளிக்கிழமைக்கு ஜிப்பாதான்.

மஞ்சள் 7

நான் சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவன், இருப்பது புக்கிட் பாத்தோக். ஐபிஎல் மாலை ஆட்டம் ஊரில் ஏழரை என்றால் நமக்கு இரவு பத்து. நண்பர் வீட்டில் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ரயில் ஓடாது. டாக்சி ஓட்டும் சீன அங்கிள்கள் என் மஞ்சள் சட்டையைப் பார்த்து "பிரேசிலா?" என்று கேட்பார்கள். விளக்கி அலுத்துப்போய் இப்போதெல்லாம் ஆமாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

சொல்ல வந்தது வேறு. என் புளோக்கில் ஒரு தமிழ்ப் பெரியவர். மின்தூக்கியில் பார்த்தால் தலையசைப்பு, அதற்கு மேல் பேச்சு கிடையாது. அலுவலகத்துக்கு நல்ல பிராண்டுச் சட்டைகள் போட்டுக்கொண்டு அதே மின்தூக்கியில் எத்தனையோ நாள் போயிருக்கிறேன், கண்ணே படவில்லை. ஒரு ஞாயிறு சிஎஸ்கே சட்டையோடு பால் வாங்கப் போனேன். "ராத்திரி தோத்துட்டாங்க போல?" என்றார். பேச்சு கீழ்த்தளம் வந்தும் நிற்கவில்லை. அவருக்குக் கிரிக்கெட் பிடிக்காது, கால்பந்துதான். காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கம், ஃபாண்டி அகமது, சுந்தரமூர்த்தி பந்தை வாங்கினால் காலாங்கே எழுந்து நிற்கும் கதை, 1994-ல் ஷா ஆலமில் சிங்கப்பூர் பஹாங்கை 4-0 என்று அடித்து மலேசியக் கிண்ணம் வாங்கிய இரவு என்று போய்க்கொண்டே இருந்தது. "நாங்க கத்தின கத்துக்குச் சட்டையெல்லாம் இல்லப்பா. வீட்ல எது காஞ்சிருந்துச்சோ அதைப் போட்டுக்கிட்டுப் போவோம். நீங்க காசு கொடுத்து வாங்கி, அதுல இன்னொருத்தன் விளம்பரத்தையும் சுமக்கிறீங்க" என்றார். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. பால் வாங்க மறந்துபோனதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

தேக்கா தையல்

தேக்கா மாடியில கடை. சின்னத்தைப் பாக்குறவங்க கதை எல்லாம் படிச்சேன். என்கிட்ட வர்றவங்க அதை எடுக்கச் சொல்றவங்க. வேலை மாறிட்டோம், பழைய கம்பெனி பேர எடுங்கன்னு வருவாங்க. பரிசா வந்த சட்டை, இவ்வளவு பெரிய குதிரையோட ஆபீஸ் போக முடியலன்னும் வருவாங்க.

எம்ப்ராய்டரின்னா முன்பக்கம் கை வைக்கக் கூடாது. சட்டையைப் புரட்டிப் பாபின் நூலை, அதாவது அடிநூலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அறுக்கணும், அப்புறம் முன்னாடி நூல் தானா உருவிக்கிட்டு வரும். பின்னாடி ஒட்டியிருக்கிற பேப்பரையும் கிழிக்கணும். ஊசி ஓட்டை தெரியும். போலோ சட்டைத் துணின்னா நீராவி காட்டி ரெண்டு தடவை துவைச்சா பெரும்பாலும் மூடிக்கும். ஆனா வெயில்ல மூங்கில் கழியில போட்டுக் காஞ்ச பழைய சட்டைன்னா, சின்னம் இருந்த இடம் மட்டும் புதுசா நிக்கும். குதிரை போயிடும், குதிரையோட நிழல் போகாது. அதை முன்னாடியே சொல்லிடுவேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வெறும் சட்டையும், எங்கேயோ வாங்கின பிராண்டு சின்னங்களுமா ஒருத்தர் பையோட வந்தாரு. மொத்தமா தச்சுக் கொடுங்கன்னாரு. விக்கிறதுக்குத்தான்னு பார்த்தாலே தெரிஞ்சுது. வர்த்தக முத்திரைச் சட்டத்துல ஒரு பொருளுக்கு 10,000 வெள்ளி வரைக்கும், மொத்தம் 1,00,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 5 வருஷம் வரைக்கும் சிறை. உங்களுக்கு எவ்வளவு லாபம் வரும்னு கேட்டேன். பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாரு.

செங்காங் அம்மா

தையல் அண்ணே, ஒரு சந்தேகம். என் மகனுக்கு அவன் சித்தப்பா இங்கிலாந்திலிருந்து ஒரு குழுச் சட்டை வாங்கி வந்தார். நெஞ்சில் பெரிதாகப் பந்தயக் கம்பெனி பெயர். எங்கள் குடும்பத்தில் பந்தயத்தால் பட்டது போதும், அதனால் எனக்கு அந்தச் சட்டை வீட்டில் தொங்குவதே பிடிக்கவில்லை. பிரீமியர் லீக் குழுக்களே 2025-26 பருவத்தோடு நெஞ்சிலிருந்து அந்தப் பெயர்களை எடுத்துவிடுவதாக 2023-ல் ஒப்புக்கொண்டார்கள், கைப்பக்கம் மட்டும் வரலாம் என்று படித்தேன். மகனோ சட்டையைத் தூக்கிப் போடாதே என்று அழுகிறான். அந்தப் பெயரை மட்டும் எடுக்க முடியுமா?

தேக்கா தையல்

அது எப்படிப் போட்டிருக்காங்கங்கிறதைப் பொறுத்தது, அம்மா. விரல்ல தடவிப் பாருங்க. ரப்பர் மாதிரி மேல தட்டுப்பட்டா சூடு வச்சு ஒட்டினது. உரிக்கலாம், ஆனா பசை நிக்கும், பாலியெஸ்டர் துணி சூடு தாங்காது, அவசரப்பட்டா பளபளன்னு ஆயிடும். வீட்டு இஸ்திரிப் பெட்டியில முயற்சி பண்ணாதீங்க. ஒண்ணுமே தட்டுப்படாம துணியோட துணியா இருந்தா சாயமே நூலுக்குள்ள ஏத்தினது, எடுக்கவே முடியாது. அதே நிறத்துல ஒரு பட்டை வச்சு மேல தைக்கலாம். தம்பியையும் கூட்டிட்டு வாங்க, அவன் சம்மதிச்சா தான் கத்தரியை எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், தேக்காவுல நிக்க இடம் இருக்காது.