முந்தின நாள் நஷ்டம் இருந்தா ஏன் துணிஞ்சு கடலுக்குப் போறாங்க?

பாம்பன்_வாசகர்:
டீசல், ஐஸ், சாப்பாடுன்னு விசைப்படகுக்கு ஒரு தடவை செலவு 40,000 ரூபாய்னு வைங்க. பாதி வாய்ப்பில் 1,00,000க்கு இறால் பாடு, பாதியில் வெறுங்கை. சராசரி லாபம் 10,000. அப்பவும் தயங்குறாங்க. முந்தின நாள் நஷ்டம்னா மட்டும் கிளம்பிடுறாங்களே, ஏன்?

மண்டபம்_பொருளியல்:
கானமன், ட்வெர்ஸ்கிங்கிற உளவியலாளர்கள் 1979இல் சொன்ன வாய்ப்பு நோக்குக் கோட்பாட்டைப் பாருங்க: லாப நஷ்டத்தை ஒரு தொடக்கப் புள்ளியில இருந்துதான் மனசு அளக்கும், நஷ்டம் கூடுதலா உறுத்தும். 1992இல் அவங்க கொடுத்த அளவுப்படி அதே அளவு லாபத்தை விட நஷ்டம் 2.25 மடங்கு கனக்கும். கோட்பாட்டில் உள்ள மற்ற நுணுக்கங்களை விட்டுட்டு எளிமையாப் போட்டா, லாபம் 60,000இல் பாதி 30,000; நஷ்டம் 40,000இல் பாதியை 2.25ஆல் பெருக்கினா 45,000. 30,000 − 45,000 = −15,000. தயக்கம் அதனாலதான்.

நேத்து விட்ட 40,000ஐ மனசுல சுமந்தா தொடக்கப் புள்ளியே நகருது. கரையில் இருந்தா −40,000, 2.25ஆல் பெருக்கினா −90,000. போனா நேத்தைய நஷ்டமும் சேர்ந்து +20,000 அல்லது −80,000; அதே மாதிரி பாதி பாதியாப் போட்டா அதன் மதிப்பு 10,000 − 90,000 = −80,000. போறது மேல்னு தோணிடும்! எல்லை தாண்டுற துணிச்சலும் இங்கதான் பிறக்குது. நேத்தைய நஷ்டத்தை இன்னைக்குக் கணக்கில் ஏத்தாதீங்க.

தங்கச்சிமடம்_தம்பி:
அண்ணே, வேற முடிவு எடுத்திருக்கலாமேன்னு பின்னாடி வர்ற வருத்தத்தையும் சேர்க்கணும். 1982இல் லூம்ஸ், சக்டன்ங்கிற பொருளியலாளர்கள் எழுதினது அதான். நம்ம கதைக்குப் பொருத்தினா, பக்கத்துப் படகு நிறைஞ்சு வந்துடுமோங்கிற நினைப்பே முடிவை மாத்தும். இறால் விலை எவ்வளவுக்குக் கீழ இருந்தா கடலுக்குப் போகக் கூடாதுன்னு முதல் நாளே எழுதி வைக்கிறது உதவும்.

மண்டபம்_பொருளியல்:
சரிதான் தம்பி. புயல் கூண்டு ஏத்தியிருந்தா மட்டும் இந்தக் கணக்கையே எடுக்காதீங்க. உயிர் போற ஆபத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.